பேசக் கூடாத சுருள்

நான் கேட்கப் போனது ஒரே ஒரு கேள்வி. இந்த ஃபிலிமைக் கழுவ முடியுமா, முடியாதா? முடியும் என்றால் யாரிடம் போக வேண்டும்? முடியாது என்றால் சரி, வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிடலாம். வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டிய விஷயம். அதற்குப் போய் என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாரை வார்த்தேன். இன்றைக்கும் எங்காவது கைமணிச் சத்தம் கேட்டால் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

எனக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் மாவுக்கட்டுப் போடும் மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்து, அதன்மேல் பல் அடுக்கிக் கொடுப்பேன். கடையில் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஊரார் வாய். "எப்படிடா இத்தனை வாய்க்கு நடுவுல உக்காந்து வேலை பாக்குறே?" என்று அக்கா கேட்பாள். ஒன்றுகூடப் பேசாதே, அப்புறம் என்ன கஷ்டம் என்பேன். பேசாத வாயின் அருமை அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது.

அத்தானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, முன்பற்கள் நெரிசல் பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். கல்யாண ஃபோட்டோவிலேயே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்ற மனுஷன். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். குடும்பம் நடத்திய காலமெல்லாம் அக்கா பார்த்தது அந்தக் கையைத்தான். கடைசியில் பற்கள் ஆட்டம் கண்டு, டாக்டர் பிடுங்கிப் போட, நான் புதுசாகச் செட் செய்து என் கடையிலேயே மாட்டிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். கை தொடைமேலேயே இருந்தது. அதற்காகவே கேமராவைக் கொண்டுவந்திருந்த அக்கா, ஃபிலிமில் மிச்சமிருந்த கடைசிப் படத்தை எடுத்துவிட்டாள். "சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டேன்டா!" என்று சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். அடுத்த வாரம் அத்தான் குளியலறையில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. கேமராவை ஃபிலிமோடு பீரோவில் வைத்துப் பூட்டிய அக்கா, அப்புறம் வருஷக்கணக்கில் அந்தத் தட்டுப் பக்கமே போகவில்லை.

இப்போது அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தமாம். "பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தா தள்ளிப் போடாம பார்த்துடுங்கம்மா" என்று டாக்டர் நாசூக்காகச் சொன்னார். அக்கா நேரே வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள்.

"எனக்கு வேற என்னடா பாக்கணும்? இது ஒண்ணுதான். எப்படியாவது கழுவிக்கிட்டு வா."

கேமராக் கடைக்காரர் சுருளைச் சுற்றி வெளியே எடுத்துக் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த பெயர்த்தாள் எப்போதோ உரிந்து போயிருந்தது. இருந்தாலும் உலோக உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு ஃபிலிமின் பெயரைச் சொல்லி, "இது அதுவாத்தான் இருக்கணும்" என்றார். "இதையெல்லாம் தயாரிக்கிறதை எப்பவோ நிறுத்திட்டான். கழுவுற மருந்தும் கிடையாது. நான் இப்ப செல்போனுக்கு உறைதான் விக்கிறேன். ஆனா இந்த ஊர்ல இதெல்லாம் தெரிஞ்சவங்க ஒரு கழகம் வச்சிருக்காங்க. ஒருத்தர் விடாம எல்லாரும் அங்கதான் இருக்காங்க. போய்க் கேளுங்க." ஒரு நல்ல மனுஷன் என்னைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் விட்டது அப்படித்தான்.

வண்ணச்சுருள் அன்பர் கழகம் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் இருந்தது. சுவரில் எங்கே பார்த்தாலும் சாலைக் குறிகள்: வளைவு, குறுகிய பாலம், முந்தக் கூடாது, ஹாரன் அடிக்கக் கூடாது. அவற்றுக்கு நடுவில் கழகமே எழுதி மாட்டிய பலகை ஒன்று. அதில் "இங்கே                பற்றிப் பேசக் கூடாது" என்று இருந்தது. நடுவில் இருந்த காலி இடத்தைப் பார்த்து, எழுத்து அழிந்துவிட்டது போல என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஃபிலிமின் பெயரை எழுதினால் அதுவே அதைப் பற்றிப் பேசியதாகிவிடும் என்று சிலர் ஆட்சேபித்ததால் இடத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். நானும் இங்கே பெயரை எழுதவில்லை. பழகிவிட்டது.

இது எப்படி வந்தது என்று பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து சொன்னார். ஃபிலிம் நின்றுபோன புதிதில் கழகத்தில் அதைப் பற்றியே பேச்சாம். அதில் சிவப்பு தக்காளிச் சிவப்பாக விழுமா, செங்கல் சிவப்பாக விழுமா என்று ஒரு நாள் வாக்குவாதம் முற்றி, ஒருவர் மூக்குக்கண்ணாடி உடைந்து, மூக்கும் கொஞ்சம் உடைந்ததாம். மூக்கு எந்தச் சிவப்பாக இருந்தது என்று அதிலும் இரண்டு கருத்தாம். அன்றோடு பதினான்காம் விதி போட்டுவிட்டார்கள். அந்தச் சுருளைப் பற்றிப் பேசக் கூடாது. அதற்கப்புறம் கழகம் இரண்டாகிவிட்டது. சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் "பேசக் கூடாது" அணி. அவர்களுக்குக் கழகத் தலைவரே தலைமை. காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவர்ப் பக்கம் "பேசலாம்" அணி. அவர்களுக்கு ஒரு வக்கீல். இரண்டுக்கும் நடுவே நடைபாதையில் நாற்காலி போட்டு ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் "பேசலாமா என்பதைப் பற்றி மட்டும் பேசலாம்" அணி. அவர்கள்தான் ரொம்பப் பேசினார்கள்.

டிரைவிங் ஸ்கூல்காரர்தான் செயலாளர். இடமும் அவருடையது, மணியும் அவருடையது. யாராவது விதியை மீறினால் மணி அடிப்பார். கூட்டம் தொடங்கியதும் எழுந்து, போன கூட்டத்தில் எவையெல்லாம் பேசப்படவில்லை என்ற அறிக்கையை வாசித்தார். சன்னல் பக்கத்திலிருந்து ஒருவர் உடனே எழுந்தார்.

"தலைவர் அவர்களே, போன கூட்டத்தில் நான் இரண்டு முறை பேசாமல் இருந்தேன். ஒரு முறைதான் பதிவாகியிருக்கிறது."

"எந்த இடத்தில் பேசாமல் இருந்தீர்கள் என்று குறிப்பிட முடியுமா?"

"குறிப்பிட்டால் அதைப் பற்றிப் பேசியதாகிவிடும்."

"அது நியாயம்" என்று தலைவர் தலையாட்டினார். திருத்தம் ஏற்கப்பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாவிட்டால் என்ன சொல்வார்களோ என்று.

ஒருவழியாக என் முறை வந்தது. எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "சார், என்கிட்ட ஒரு ஃபிலிம் இருக்கு" என்று ஆரம்பித்துப் பெயரைச் சொன்னேன்.

மணி கணகணவென்று அடித்தது. சன்னல் பக்கம் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். சுவர்ப் பக்கத்தில் வக்கீல் துள்ளி எழுந்து, "பொதுமக்களே பேச ஆரம்பித்துவிட்டார்கள்! இதுதான் நாங்கள் கேட்கும் உரிமை!" என்றார். நடைபாதைக்காரர்கள், உறுப்பினர் அல்லாதவர் பேசினால் அது பேச்சா என்று தங்களுக்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஐயா, எனக்கு உரிமையெல்லாம் வேண்டாங்க. கழுவ முடியுமான்னு மட்டும் சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிடுறேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய உண்மை வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன்.

"தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இந்த அறையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கழகமே நடக்கிறது. சொல்லிவிட்டால் நமக்கும் ஒரு சாதாரணக் கடைக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பெயரைக் கேட்டால் நம் அன்பர்கள் மனம் நொந்துபோகிறார்கள். கையில் இருக்கும் சுருளில் படம் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். அவர்கள் படம் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் பேச்சை நிறுத்தினோம்."

"இப்ப எல்லாரும் படம் எடுக்கிறாங்களா சார்?" என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"எங்கே நேரம்?" என்றார் தலைவர். "ஞாயிற்றுக்கிழமை இங்கே சரியாகப் போய்விடுகிறது. வார நாள்களில் தீர்மானங்கள் எழுத வேண்டியிருக்கிறது."

பார்வையாளராக அடுத்த கூட்டத்துக்கு வரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். கேட்டது கேள்வி, கிடைத்தது அனுமதி. அக்காவிடம் என்னவென்று சொல்ல? "பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இருக்காங்கக்கா, ஆலோசனை பண்றாங்க" என்றேன். அவள் சாதம் போடும்போது கரண்டி தட்டுக்கு ஓரமாகப் போனது. நான் பார்க்காத மாதிரி தட்டை நகர்த்திக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சண்டை தீர ஒரு சமாதானத் திட்டம் வந்தது. அந்தச் சுருளுக்காக ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம், பேசியது போலவும் இருக்கும், பேசாதது போலவும் இருக்கும் என்றார் நடைபாதைக்காரர் ஒருவர். எனக்கே நல்ல யோசனையாகத்தான் பட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்போது வக்கீல் கையைத் தூக்கினார்.

"ஒரு விளக்கம் வேண்டும். இப்போது நாம் எல்லோரும் மனத்தில் அதை நினைத்துக்கொண்டுதான் மௌனமாக நிற்போம். அப்படியென்றால் இந்த மௌனமும் அதைப் பற்றிய பேச்சுதான். எங்களுக்கு மகிழ்ச்சி. விதி உடைந்தது."

"மௌனத்தில் அதை நினைக்கக் கூடாது" என்றார் தலைவர் அவசரமாக.

"பிறகு எதை நினைப்பது?"

"வேறு ஏதாவது சுருளை நினையுங்கள்."

"இப்போதும் கடையில் கிடைக்கும் சுருளுக்கு எதற்கு மௌனம்? அது உயிரோடு இருக்கிறதே!"

செயலாளருக்கு மணி அடிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. மணியைத் தூக்கினார், வைத்தார், தூக்கினார். மௌனத்தைக் கலைத்தால் குற்றம், கலைக்காவிட்டாலும் குற்றம். கடைசியில் மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு ஆட்டினார். சத்தமில்லாமல் மணி ஆடியதைப் பார்த்து இரண்டு அணியும் திருப்தியடைந்து உட்கார்ந்தன. என் உடம்பில் எங்கோ ஒரு நரம்பு, "எழுந்து போடா" என்றது. சட்டைப் பையில் இருந்த சுருளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது செயலாளரைத் தனியாகப் பிடித்தேன். காலில் விழாத குறை. அக்கா கதையைச் சொன்னேன். அவர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு என் காதருகில் வந்தார்.

"கலர் வராது. அதுக்கான மருந்து இப்ப உலகத்துலயே கிடையாது. ஆனா கறுப்பு வெள்ளையா வரும். சாதாரண மருந்து போதும். என் வீட்டுக் குளியலறையிலயே ஒரு மணி நேர வேலை."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப கழுவிக் குடுத்துடுங்களேன் சார்!"

"செயலாளரா இருந்துக்கிட்டா?" என்று அதிர்ந்துபோனார். "கலர் சுருளைக் கறுப்பு வெள்ளையா கழுவினேன்னு தெரிஞ்சா வக்கீல் ஆளுங்க என்னை உரிச்சுடுவாங்க, துரோகம்பாங்க. தலைவர் ஆளுங்க, கழுவினதே பேசினதுக்குச் சமம்பாங்க. ரெண்டு பக்கமும் அடி. கழகம் அனுமதி குடுக்கட்டும், அன்னைக்கே கழுவித் தர்றேன்."

"வேற யாராவது?"

"கழுவத் தெரிஞ்சவங்க எல்லாருமே உறுப்பினருங்கதான்."

வீட்டுக்குப் போய் அக்காவிடம் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன், கலர் வராதாம் அக்கா, வெறும் கறுப்பு வெள்ளைதானாம் என்று. அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கறுப்பு வெள்ளையா இருந்தா என்னடா? எனக்கு இப்பவே எல்லாம் அப்படித்தான் தெரியுது. சீக்கிரம் வாங்கிட்டு வா. அதுவும் போயிடும் போல இருக்கு."

அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்கு மானம் ரோஷம் எல்லாம் போய்விட்டது. தலைவர் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் மாறி மாறி அலைந்தேன். இரண்டு பேருமே என்னை உட்கார வைத்து அன்பாகத்தான் பேசினார்கள். இரண்டு பேரும், மற்றவர் மட்டும் இல்லையென்றால் இது எப்போதோ நடந்திருக்கும் என்றார்கள். கடைசியில் ஒரு வழி பிறந்தது. சுருளின் பெயர்த்தாள் உரிந்துபோயிருக்கிறது அல்லவா? ஆகவே இது அந்தச் சுருள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது வேறு சுருளாக இருந்தால் தாராளமாகப் பேசலாம், கழுவலாம். முதலில் அது எது என்று கழகம் பரிசோதித்து முடிவு செய்யட்டும். இதைக் கண்டுபிடித்தவர் வக்கீல். தலைவரே எழுந்து அவருக்குக் கை கொடுத்தார் என்று சொன்னார்கள்.

மூன்றாவது ஞாயிறு. கூடத்தில் இரண்டு டியூப்லைட்டில் ஒன்றுதான் எரிந்தது, மற்றது சிக்கனத்துக்காக அணைத்து வைத்திருந்தார்கள். மேசையை நடுவில் போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்திருந்தது. என் கையிலிருந்து சுருளை வாங்கித் துணிமேல் வைத்த தலைவர், "பரிசோதனை முடியும்வரை உறுப்பினர் அல்லாதவர் வெளியே இருக்க வேண்டும்" என்றார்.

"சார், பாத்து. உள்ள ஒரே ஒரு படம்தான் முக்கியம்."

"தம்பி, இங்கே இருப்பவர்கள் எல்லாம் ஆயுள் முழுக்க ஃபிலிமோடு வாழ்ந்தவர்கள்" என்றார் வக்கீல். அதைக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. வெளியே போனேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டார்கள். கதவின் மேல்பாதியில் கண்ணாடி. அதன் வழியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுருளிலிருந்து நாக்கு மாதிரி ஒரு துண்டு எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தலைவர் அதைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டி, பூச்சின் நிறத்தைப் பார்த்தார். தலையாட்டினார். தானும் பார்க்க வேண்டும் என்றார் வக்கீல். தலைவர் அந்தத் துண்டைக் காட்டினார். வக்கீல் தொடமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளே பேசியது கண்ணாடி வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் கேட்டது.

"எதிரணியின் விரல் பட்ட பகுதியை நாங்கள் எப்படிச் சாட்சியாக ஏற்பது? எங்களுக்குப் புதுப் பகுதி வேண்டும்."

நியாயமான கோரிக்கை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். வக்கீல் அணி நாக்கைப் பிடித்து ஒரு சாண் வெளியே இழுத்தது.

எனக்கு ஃபிலிம் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வெளிச்சம் பட்டால் போச்சு என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியுமே! சரி, முன்னால் வெறும் துண்டு கொஞ்சம் இருக்கும், பெரியவர்களுக்குத் தெரியாதா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதற்குள் தலைவர் அணி, அவர்களுக்கு ஒரு சாண் என்றால் எங்களுக்கும் ஒரு சாண் என்றது. இழுத்தார்கள். நடைபாதைக்காரர்கள் நாங்கள் மட்டும் இளிச்சவாயர்களா என்றார்கள். அவர்களும் இழுத்தார்கள். முதலில் பிடித்தவருக்குப் போதவில்லை என்று மறுசுற்று ஆரம்பித்தது.

கதவைப் படபடவென்று தட்டினேன். "சார்! ஃபிலிம்! ஃபிலிம்!" உள்ளே மணி அடித்தது. செயலாளர் உதட்டில் விரலை வைத்துக்காட்டினார். "லைட்டு! லைட்டு சார்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். செயலாளர் நல்ல மனுஷர். என் அவசரத்தைப் பார்த்து, போய் அணைந்திருந்த இரண்டாவது டியூப்லைட்டையும் போட்டுவிட்டார்.

பிறகு நான் கத்தவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பார்த்தேன். சாண் சாணாக, ஒரு பக்கமும் அநியாயம் நடக்காமல், மிக ஒழுங்காக இழுத்தார்கள். வெள்ளைத் துணி முழுக்கச் சுருண்டு சுருண்டு விழுந்தது. கடைசி முனை உருளைக்குள் பிடித்துக்கொண்டதும்தான் நிறுத்தினார்கள். அந்தக் கடைசி முனையில்தான் அத்தான் இருந்தார்.

தாழ்ப்பாள் திறந்தது. உள்ளே போனேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபிலிம் பார்வைக்கு ஒன்றும் ஆகாத மாதிரியேதான் இருந்தது, மங்கின நிறத்தில் பளபளவென்று. எனக்கு வந்த கோபத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பேன். அதற்குப் பதில் துணியைத்தான் இறுகப் பிடித்தேன்.

"பாவிங்களா! எல்லாம் போச்சேடா! உங்கள்ல ஒருத்தனுக்குக்கூடவா தெரியல?"

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"தம்பி, உணர்ச்சிவசப்படாதீர்கள். எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி எங்களை அவமதிக்காதீர்கள். இரண்டாவது சாணிலேயே எனக்குத் தெரியும். ஆனால் 'நிறுத்துங்கள், கெட்டுவிடும்' என்று நான் சொன்னால் என்ன ஆகும்? அதைப் பற்றி நானே பேசியதாகிவிடும். பதினான்காம் விதியைக் கொண்டுவந்தவனே அதை மீறினால் கழகம் நிற்குமா?"

"எனக்கும் தெரியும்" என்றார் வக்கீல், சின்னக் குரலில். "ஆனால் தலைவர் முதலில் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் பேசியிருந்தால் எங்கள் அணி ஜெயித்திருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்காக நாங்கள் எத்தனை வருஷமாக உழைக்கிறோம்!"

"எல்லோருக்குமே தெரியும்" என்றார் நடைபாதைக்காரர் ஒருவர். "சொல்லலாமா என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம்."

செயலாளர் மட்டும் மணியை மடியில் வைத்துக்கொண்டு, போட்ட லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபிலிமை வாரிச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு படி இறங்கினேன். மேலே, பரிசோதனை நடந்த விதம் குறித்து ஒரு பாராட்டுத் தீர்மானம் முன்மொழியப்படுவது காதில் விழுந்தது.

அக்காவிடம் பொய் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். பழசாகிவிட்டது, படமே விழவில்லையாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் எதிரே உட்கார்ந்ததும் முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது, இந்த வயதில்.

அவள் திட்டித் தீர்த்தாள். கழகத்தைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், குளியலறையில் விழுந்த அத்தானைத் திட்டினாள், அன்றைக்கே கழுவக் கொடுக்காமல் பூட்டி வைத்த தன்னையும் திட்டிக்கொண்டாள்.

"எனக்கு அந்த முகம் இப்ப சரியா ஞாபகத்துக்கு வர மாட்டேங்குதுடா. கண்ணை மூடினா கைதான் வருது. வாயை மூடிக்கிட்டிருக்கிற கை. அதுக்குப் பின்னாடி என்னடா இருந்துச்சு? நீதானே உள்ள பாத்தவன்? உனக்குக்கூடத் தெரியாதா?"

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் பார்த்தது மட்டுமா? அச்செடுத்து வைத்திருக்கிறேனே!

மறுநாள் காலையில் அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேல் தட்டில், தூசி படிந்து, சொந்தக்காரர் ஆயிற்றே என்று தூக்கிப் போடாமல் விட்ட அச்சு இருந்தது. பல் பிடுங்குவதற்கு முன்னால் எடுத்தது. அத்தானின் சொந்தப் பல், மேலும் கீழும். துணியால் துடைத்து அக்காவின் கையில் வைத்தேன்.

அவள் விரலை மெதுவாக ஓட்டினாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் நின்றாள். திரும்ப வந்தாள். மறுபடியும் போனாள்.

"இதையா மறைச்சார்?" என்றாள். "இதுக்கா அந்தக் கை? பைத்தியக்கார மனுஷன். நல்லாத்தானேடா இருக்கு!"

அழுதுகொண்டே சிரித்தாள். நான் அடுப்பில் பல்செட் மெழுகு உருகுவதைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் தலைவரும் வக்கீலும் வந்து நின்றார்கள். பின்னால் செயலாளர், கையில் மணியோடு. எல்லோர் முகத்திலும் ஒரு வெற்றிக் களை.

"தம்பி, மகிழ்ச்சியான செய்தி" என்றார் தலைவர். "கழக வரலாற்றில் முதல் முறையாக ஒருமனதாக ஒரு தீர்மானம். வெளிச்சம் பட்டுவிட்டதால் உங்களிடம் இருப்பது இனிச் சுருளே அல்ல, வெறும் நாடா. நாடாவைப் பற்றி எவரும் பேசலாம். ஆகவே நீங்கள் உங்கள் கேள்வியை இப்போது தாராளமாகக் கேட்கலாம்."

"அதோடு அந்த நாடாவை எங்கள் கூடத்தில் வைக்க விரும்புகிறோம்" என்றார் வக்கீல். "சுவர்ப் பக்கம்."

"சன்னல் பக்கம்" என்றார் தலைவர்.

"சன்னல் பக்கம் வெயில் படும். கெட்டுவிடும்."

"இதற்கு மேல் கெட என்ன இருக்கிறது?"

"பார்த்தீர்களா, அதைப் பற்றி இழிவாகப் பேசுகிறார்!"

கடை வாசலில் குரல் ஏறிக்கொண்டே போனது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் எதையாவது எடுத்து எறியலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அக்கா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அச்சை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியபடி, சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றாள். "அவர் சிரிச்சுக்கிட்டிருக்கார்."

மூன்று பேரும் அவள் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மணி அடிக்க வேண்டியிருக்கவில்லை.